பாடிப் பிழைக்கும் குரலுக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

அன்றைக்குக் கார்த்திகை மாச மழை. ஜெகதாப்பட்டினத்தில் படகுகளெல்லாம் கரையில். கடலுக்குப் போகாத நாளில்தான் என் வைத்தியசாலையில் கூட்டம் அதிகம். முதுகுவலி, மூட்டுவலி, மூச்சுத் திணறல் என்று வரிசை. அந்த வரிசையில் கடைசியாக ஒருவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் துண்டு, கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம்.

"என்னய்யா செய்யுது?" என்று கேட்டேன்.

பதில் வந்தது. ஆனால் குரல் வரவில்லை! காற்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவிதான் சொன்னார்: "தொண்டை கட்டிக்கிச்சுங்கய்யா. இவுக பாட்டுக் கட்டிப் பாடுறவுக. கோயில் திருவிழாவுல கேட்டிருப்பீங்களே..."

கேட்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் இப்படி ஒருவரைக் கேட்டிருப்பீர்கள். சினிமாப் பாட்டை அப்படியே பாடுகிறவர் இல்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். கடலுக்குப் போய்த் திரும்பாதவனைப் பற்றி, இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகைப் பற்றி, கஜா புயலில் சாய்ந்த தென்னையைப் பற்றி... ஊர்க் கதை அத்தனையும் பாட்டாக அந்த நோட்டுக்குள் இருந்தது.

பாட்டைக் கேட்டுக் கைதட்டுகிறோம். பத்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துகிறோம். வீட்டுக்கு வந்து தூங்கிவிடுகிறோம். அந்தத் தொண்டை அடுத்த நாள் எப்படி இருக்கும் என்று என்றைக்காவது நினைத்திருப்போமா? நானும் நினைத்ததில்லை, ஒரு வைத்தியனாக இருந்தும்! அதனால் நடந்த ஒரு தப்பையும் சேர்த்தே இந்தக் கட்டுரையில் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்தாயிரம் எங்கே போகிறது?

"ஒரு கச்சேரிக்கு இருபத்தஞ்சாயிரம் வாங்குறாராமே" என்று ஊரில் பேச்சு. அந்தக் கணக்கை அவர் மனைவி விரல்விட்டுச் சொன்னார். வேன் வாடகை, டீசல், டிரைவர் படி எல்லாம் சேர்த்து 6,000. தவில், பம்பை, கீபோர்டு, கூடப் பாடும் பெண், ஆடுகிறவர்கள் என்று ஏழு பேருக்குத் தலைக்கு 2,000 வீதம் 14,000. சாப்பாடு, டீ, வழிச்செலவு 2,000. மிச்சம் 3,000. அதுதான் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நான்கு மணி நேரம் நின்று பாடியவருக்கு!

அதுவும் மாதாமாதம் வருகிற சம்பளமா? தையில் தொடங்கினால் ஆடி வரைக்கும் திருவிழா. அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் மழையும் கையுமாக வீட்டில். அப்போது கருவாட்டுக் கொட்டகையிலோ, படகுக்கு ஐஸ் உடைக்கிற இடத்திலோ கூலிவேலை.

இயற்கையும் சும்மா இருப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தக் கரையோரம் முழுக்க வீடும் தோப்பும் படகும் போயின. அந்த வருஷம் யார் திருவிழாவில் பாட்டுக் கேட்பார்கள்? 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி என்று சம்பாதிக்கிற மாதங்கள் அத்தனையும் போச்சு. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கடன் வாங்கியவர்கள் உண்டு.

இது ஜெகதாப்பட்டினத்துக் கதை மட்டும் இல்லை. சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி கருப்பாயி அம்மாளைத் தெரியாதவர் உண்டா? தானே பாட்டுக் கட்டிப் பாடி, வானொலி வழியாக வெளியே தெரிந்து, 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் பாட்டியாக வந்து பாடித் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர். 1993இல் கலைமாமணி விருது. ஆனாலும் முதுமையில் அவர் சிரமப்படுகிறார் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிறகுதான் உதவிகள் வந்தன. 2025 ஜூனில் காலமானார். மதுரைப் பக்கத்துப் பரவை முனியம்மா, 2003இல் 'தூள்' படத்தில் பாடியவர். அவரும் கடைசி வருஷங்களில் நோயோடும் பணக்கஷ்டத்தோடும் போராடி 2020 மார்ச்சில் மறைந்தார்.

மறுபக்கமும் உண்டு. இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போன செந்தில் கணேஷ், 2018இல் டி.வி. பாட்டுப் போட்டியில் நாட்டுப்புறப் பாட்டையே பாடி முதல் பரிசு வாங்கினார். அவரும் மனைவி ராஜலட்சுமியும் ஊர் ஊராக மேடை ஏறியவர்கள்தான். அன்றைக்கு நம் ஊர்ப் பாடகர்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஒருவர் மேலே போனால் நூறு பேர் கீழேயே இருக்கிறார்கள். அந்த நூறு பேரின் தொண்டைதான் என் கவலை.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

நம் தொண்டையில் குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்பார்கள். நுரையீரலிலிருந்து வரும் காற்று இந்த இரண்டையும் அதிர வைக்கிறது. அதுதான் குரல். ஓர் ஆண் சாதாரணமாகப் பேசும்போதே வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் இவை மோதிக்கொள்கின்றன. பெண்ணுக்கு இருநூறு தடவை. உச்ச ஸ்தாயியில் பாடினால் இன்னும் பல மடங்கு. நான்கு மணி நேரக் கச்சேரிக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்!

சித்த மருத்துவத்தில் தச வாயுக்களில் ஒன்றான உதானனை 'மேல்நோக்கு கால்' என்று சொல்வோம். மேலே எழும்பும் காற்று. அது சீராக இருந்தால் குரல் சீராக இருக்கும். ராத்திரிக் கண்விழிப்பு, நேரங்கெட்ட சாப்பாடு, ஓயாத கத்தல் எல்லாம் சேர்ந்தால் வளி கெடும், அழல் ஏறும், ஐயம் தொண்டையில் கட்டும். விளைவு குரல் கம்மல்.

வலை இழுக்கிற மீனவரின் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? கயிறு உரசி உரசிக் காய்ப்பு விழுந்திருக்கும். அதே மாதிரி, ஓயாமல் மோதுகிற குரல் நாணிலும் இரண்டு பக்கமும் காய்ப்பு விழும். அதன்பிறகு நாண்கள் சரியாக மூடாது. இடைவெளி வழியே காற்று கசியும். குரலுக்குப் பதில் 'ஸ்ஸ்ஸ்' என்று வருவது அதனால்தான்.

இத்தனைக்கும் மேடையில் இவர்களுக்கு எதிரிகள் வேறு! ஜெனரேட்டர் புகை பக்கத்திலேயே. மேடையில் விடுகிற செயற்கைப் புகை. ஆள் உயர ஸ்பீக்கர்கள். தன் குரல் தனக்கே கேட்காததால் இன்னும் கத்துவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நிகழ்ச்சி முடியும். அப்போதுதான் பரோட்டாவும் சால்னாவும். சாப்பிட்ட கையோடு வேனில் படுத்துவிடுவார்கள். இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சலே இல்லாமல் காலையில் குரல் கரகரப்பு மட்டும் வருகிறதே, பல பேருக்குக் காரணம் இதுதான்.

"ஒரு கட்டிங் போட்டால் தொண்டை திறக்கும்" என்பது இன்னொரு மூடநம்பிக்கை. திறக்காது. மது தொண்டையை வறள வைக்கும், வலியை மறக்க வைக்கும். வலி தெரியாமல் கத்துவதால் மறுநாள் குரல் இன்னும் மோசம். புகையிலையும் சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குரல்வளைப் புற்றுநோய்க்கு அதுதான் பெரிய வாசல்.

காதையும் மறக்கக் கூடாது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரைதான் காது தாங்கும் என்பது மருத்துவக் கணக்கு. சத்தம் ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்! திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் நிற்பவரின் காது என்னவாகும்? நாற்பது வயதிலேயே "என்ன சொன்னீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற பாடகர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த தப்பு

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கார்த்திகையில் வந்தவருக்கு நாடி பார்த்தேன். நெஞ்சில் சளி இருந்தது. மழைக்காலம். "ஐயம் கட்டியிருக்கு, சரியாப் போயிடும்" என்று ஆடாதோடைக் குடிநீரும் தாளிசாதி வடகமும் கொடுத்தேன். சளி இறங்கியது. குரல் திரும்பவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்றேன். பிறகு இன்னும் இரண்டு வாரம். இப்படியே எட்டு வாரம் ஓடிவிட்டது.

"எத்தனை நாளாய்யா இப்படி?" என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மார்கழிக் கடைசியில்தான் கேட்டேன். "ஆடித் திருவிழாவுலேர்ந்தே கம்மலாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. எனக்குத் திக்கென்றது. ஐந்து மாதம்! மேலே புகையிலைப் பழக்கம் வேறு. உடனே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினேன். ரிசல்ட் வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

நல்லவேளை, புற்று இல்லை. காய்ப்புதான். இரண்டு மாதம் பாடக் கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும், குரல் பயிற்சி எடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

அவர் மனைவி என்னிடம் வந்து கேட்டதை இன்னும் மறக்கவில்லை. "ரெண்டு மாசம் இவுக வாயை மூடினா, அடுப்பு எரியுமாங்கய்யா?"

அப்போதுதான் என் தப்பின் அளவு எனக்குப் புரிந்தது. கார்த்திகையிலேயே அனுப்பியிருந்தால், அந்த இரண்டு மாத ஓய்வு வேலை இல்லாத மழைக்காலத்தோடு கழிந்திருக்கும். நான் தாமதித்ததால், ஓய்வு தையிலும் மாசியிலும் வந்து விழுந்தது. பொங்கல் விழாவும் மாசி மகமும் போயின. இரண்டு ஊரில் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். ஓர் ஊரில் வேறு பாடகரை ஏற்றுக்கொண்டார்கள். இன்னோர் ஊரில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த அம்மா காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தார்.

நான் கொடுத்த மருந்தில் தப்பில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததுதான் தப்பு. அதனால் இதைக் கொட்டை எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்: மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் இருந்தால், எந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தாலும் சரி, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் கருவி விட்டுக் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். சித்த மருந்தா, ஆங்கில மருந்தா என்பது அதற்குப் பிறகு. விழுங்குவதில் வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், மூச்சு விடக் கஷ்டம் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

குரலைக் காக்கும் கைவைத்தியம்

பாடகர்களுக்கு மட்டும் இல்லை. டீச்சர், கண்டக்டர், காய்கறி வியாபாரி, பிள்ளைகளைக் கத்திக் கத்திக் கூப்பிடும் அம்மாக்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

* தண்ணீர்தான் முதல் மருந்து. பாடும்போது கால் மணிக்கு ஒரு தரம் இரண்டு வாய் வெதுவெதுப்பான நீர். ஐஸ் வாட்டர் வேண்டாம்.

* தொண்டையைச் 'க்கும் க்கும்' என்று செருமாதீர்கள். அது குரல் நாண்களை அறைவது மாதிரி. ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

* கம்மல் இருக்கும்போது ரகசியம் பேசுவது மாதிரிக் கிசுகிசுப்பதும் கெடுதல்தான். மெல்லிய சாதாரணக் குரலில் பேசுங்கள். முடிந்தால் எழுதிக் காட்டுங்கள்.

* மேடை ஏறுவதற்கு முன் பத்து நிமிஷம் வாயை மூடி 'ம்ம்ம்' என்று மெல்ல ஹம் செய்யுங்கள். என்ஜினைச் சூடாக்காமல் படகை ஓட்டுவீர்களா?

* கல் உப்புப் போட்ட வெந்நீரில் காலையும் இரவும் கொப்பளிக்கலாம்.

* சின்னத் துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஆனால் ரத்தக்கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் வாரக்கணக்கில் தினமும் சாப்பிடக் கூடாது.

* சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு சேர்த்த கஷாயம் வறட்டு இருமலுக்கு இதம். சர்க்கரை நோயாளிகள் பனங்கற்கண்டைத் தவிர்க்கவும். வாரம் இரண்டு நாள் தூதுவளை ரசம் வைத்துச் சாப்பிடுங்கள்.

* ராத்திரிக் கச்சேரி என்றால் மாலையிலேயே இட்லி, இடியாப்பம் மாதிரி எளிதாகச் செரிப்பதைச் சாப்பிடுங்கள். முடிந்த பிறகு பசித்தால் ஒரு வாழைப்பழம், கஞ்சி போதும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும்.

* சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். கத்துகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

* காதில் பஞ்சு வைப்பதால் பயன் அதிகம் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் காது அடைப்பான் நல்லது.

* மழை ஈரத்தில் மைக் பிடிக்குமுன் எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று மைக்செட்காரரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். உயிர் விஷயம்!

பாட்டு யாருக்குச் சொந்தம்?

வைத்தியன் இதைப் பேசலாமா என்று கேட்பீர்கள். நோய்க்குக் காரணம் வறுமை என்றால் வறுமைக்கும் சேர்த்துத்தானே வைத்தியம் சொல்ல வேண்டும்?

நம்ம ஊர்க்காரரின் பாட்டு ஒன்றை யாரோ செல்போனில் பதிந்து போட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் பெயர் எங்கேயும் இல்லை! பெரிய பாட்டுகளுக்கே இந்தக் கதைதான். 2021இல் அறிவும் தீயும் பாடி உலகமெல்லாம் கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் வருமானம் ஒன்றும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். அவர்களுக்கே அப்படி என்றால் ஜெகதாப்பட்டினத்துக்காரருக்கு?

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக ஒரு பாட்டை எழுதிவிட்டால் அந்த நிமிஷமே அது உங்களுக்குச் சொந்தம். பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருஷம் உங்கள் வாரிசுகளுக்கும் உரிமை உண்டு. 2012இல் செய்த திருத்தம், பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. அந்த ராயல்டியை வசூலித்துத் தன் உறுப்பினர்களுக்குத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969இலிருந்து இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷத்துக்கு என்று பத்திரத்தில் குறிப்பிடவில்லை என்றால், ஐந்து வருஷம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாட்டை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். போனில் பாடிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் தொடங்கியது. உறுப்பினர்களுக்குப் பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண்ணாடி, விபத்து என்று உதவிகள் உண்டு. கொரோனா காலத்தில் பதிந்தவர்களுக்கு நிவாரணமும் கிடைத்தது. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையத்தில் விசாரியுங்கள். முதியவர்களுக்கு, நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகைக்கு இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

வாசகர்களே, உங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ இருப்பீர்கள். அடுத்த தடவை பாடகரைக் கூப்பிடும்போது நாலு விஷயம் செய்யுங்கள். ஜெனரேட்டரை மேடையிலிருந்து தள்ளி வையுங்கள். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க அவர் பக்கம் திருப்பி ஒரு சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். மாலையிலேயே சாப்பாடு போடுங்கள். உடம்பு முடியாமல் போனால் அட்வான்ஸைப் பிடுங்காமல், அடுத்த திருவிழாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால், பாட்டு முடிந்ததும் மைக்கில் "இந்தப் பாட்டை எழுதியவர் இன்னார்" என்று ஒரு வார்த்தை!

எங்கள் ஜெகதாப்பட்டினத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு ராஜாவிடம் அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாட்டுக்காரர் கையில் காசு நிற்காது என்பது அன்றைக்கே எழுதியாச்சு போலிருக்கிறது! ஆனால் அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் தில்லைக் கூத்தனே என்பார்கள். எழுதி முடித்துக் கடவுள் என்ன செய்தார்? மாணிக்கவாசகன் சொன்னது என்று பாடியவரின் பெயரையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டார். கடவுளே பெயரை மறைக்கவில்லை. நாம் மறைக்கலாமா?

நம்ம பாடகர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கிறீர்களா? புகையிலையை விட்டுவிட்டார். அரைக்கட்டை சுருதி இறக்கிப் பாடுகிறார். நடுவில் அரைமணி நேரம் கூடப் பாடும் பெண்ணிடம் மைக்கைக் கொடுத்துவிடுகிறார். பழைய உச்சம் இல்லை. ஆனால் குரல் இருக்கிறது. தோடும் பங்குனிக் கச்சேரிப் பணத்தில் மீண்டுவிட்டது.

நானும் ஒன்று மாறிவிட்டேன். இப்போதெல்லாம் யார் தொண்டை என்று வந்தாலும் நாடியைத் தொடுவதற்கு முன் முதல் கேள்வி: "எத்தனை நாளாய்யா இப்படி?"